பன்னீர் திராட்சை எந்த ஆண்டு வந்தது?

கம்பத்துக்குத் தெற்கே சுருளிப்பட்டியில் என் தோழிக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் அதற்குள் ஓட்டு வீடும் உண்டு. “நாளைக்கு வெட்டு வச்சிருக்கோம், வாடி” என்று போனில் கூப்பிட்டாள். முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்கு ஒரு குலை திராட்சையைக்கூட வெட்டிப் பழக்கமில்லை. போனேன்.

விடியுமுன்பே பந்தலுக்கடியில் பெண்கள் வேலையில் இருந்தார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் கொடியைப் படரவிட்ட பந்தல். தலைக்கு மேலே குலைகள் தொங்குகின்றன. அண்ணாந்தே நிற்க வேண்டும். அரை மணியில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வெட்டிய அக்கா சின்ன வயதிலிருந்து இதே வேலை செய்பவர். “பழத்தத் தொடாதீங்க டீச்சர், காம்பப் பிடிச்சு வெட்டுங்க” என்றார். பழத்தின் மேல் திருநீறு பூசியதுபோல ஒரு வெள்ளை மாவு படிந்திருக்கிறது. கை பட்டால் அது போய்விடும். வியாபாரி விலையைக் குறைப்பார். வெடித்த பழம், பழுக்காத காய் எல்லாவற்றையும் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துவிட்டுத்தான் குலையைப் பெட்டியில் வைக்கிறார்கள். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பந்தலிலேயே வெடித்துவிடும். கவாத்து செய்து சுமார் நாலு மாதம் காத்திருந்த பாடு ஒரே மழையில் போய்விடுவதும் உண்டு.

எட்டு மணிக்குத் திண்ணையில் காப்பி. தோழியின் மாமியாரிடம், “இந்தத் திராட்சை இங்கே எப்போ வந்துச்சும்மா?” என்று கேட்டேன். “அந்தக் காலத்துல ஒரு வெள்ளக்காரச் சாமியார் கொண்டாந்தாராம் தாயி” என்றார்.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்திகளில் வந்ததும் இதே கதைதான். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று ஆண்டு போட்டு எழுதினார்கள். அந்த ஆண்டுதான் என்னை உறுத்துகிறது.

நாம் பன்னீர் என்று சொல்லும் ரகத்துக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்க் நகரத்தில் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் சீவார்ட் ஸ்நோ என்ற தோட்டக்காரர் கண்ணாடி வீட்டுக்குள் உருவாக்கியது. காலம் ஏறக்குறைய 1850. பிளாக் ஹாம்பர்க், மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா என்ற இரண்டு ரகங்களின் பிள்ளை இது என்பதைப் பிற்கால மரபணு ஆய்வும் உறுதி செய்திருக்கிறது. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட பிளாக் ஹாம்பர்க் கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. அப்படியென்றால் 1832இல் பாதிரியார் கையில் இருந்தது எது? ஏதோ ஒரு திராட்சைக் கொடி இருந்திருக்கலாம். இந்தப் பன்னீர் இருந்திருக்க முடியாது. அது அப்போது பிறக்கவே இல்லை.

பாதிரியார் கதையே பொய் என்று நான் சொல்லவில்லை. பாதிரியார்களுக்குப் பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். போகிற இடத்தில் கொடி நடுவது அவர்களுக்குப் பழக்கம். ஆனால் முதலில் வந்த கொடி வேறு, இன்று பந்தல் முழுக்கத் தொங்குவது வேறு. நடுவில் யாரோ, எப்போதோ இந்த ரகத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அவரைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

பழம் நமக்குப் புதிதல்ல. கொடிமுந்திரி, முந்திரிகை என்ற பெயர்கள் தமிழில் உண்டு. ஆனால் ‘பன்னீர்’ இந்த ரகத்தின் வாசனையைப் பிடித்து வைத்த பெயர். நாட்டின் வேறு சில பகுதிகளில் இதையே குலாபி என்கிறார்கள், அதாவது ரோஜா போன்றது. சீனத்தில் இதன் பெயருக்கு ரோஜா மணம் என்று பொருள். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஊர்க்காரர்கள் ஒரே பூவை முகர்ந்திருக்கிறார்கள்! மறுபடி பந்தலுக்கடியில் போய் நின்றபோது எனக்கும் அதே வாசனை வந்தது.

ரகம் எப்போது வந்ததோ, இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயத்தைப் புரட்டிப்போட்டது தண்ணீர். மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895இல் பயனுக்கு வந்தது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் படத்துக்கு இங்கே இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயப் பாய அக்கம்பக்கக் கிணறுகளும் ஊறின. தோழியின் பந்தல் நிற்பது கிணற்றுத் தண்ணீரில்தான். இரண்டு வருஷத்தில் ஐந்து வெட்டு எடுக்கிறாள். ஊரில் ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு மாதம் கவாத்து செய்வதால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் வெட்டு நடக்கிறது.

அணை கட்டியவர் பெயர் தெரிகிறது. ரகத்தை உருவாக்கியவர் பெயரும் தெரிகிறது. கம்பத்து மண்ணில் முதல் பன்னீர்க் கொடியை நட்டவரும், முதல் கவாத்துக் கத்தியைப் பிடித்தவரும், தலைமுறையாக அண்ணாந்து நின்று குலை வெட்டிய பெண்களும் எந்தக் காகிதத்திலும் என் கண்ணில் படவில்லை.

கம்பம், கூடலூர், ராயப்பன்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டோ, கல்தூணும் கம்பியும் வாங்கிய ரசீதோ, குத்தகைப் பத்திரமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வயதானவர்களிடம், முதல் கொடியை யார் தோட்டத்திலிருந்து வெட்டி வந்தார்கள் என்று கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள். தோழியின் மாமியாருக்கு எண்பத்தி நாலு வயது. அடுத்த வெட்டுக்கு நான் நோட்டும் பேனாவுமாகப் போகிறேன்.