"அந்த யானை புக் எங்க இருக்கு?" - பள்ளி நூலகத்தில் குழந்தைகளே புத்தகம் தேடி எடுக்க எளிய வழிகள்!

பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குப் போயிருக்கீங்களா? "கிளிப்பச்சையில ஒரு பிளவுஸ் பிட்" என்று கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் கையை நீட்டி எடுத்துப் போட்டுவிடுவார். அத்தனை துணிக்கு நடுவில் அது மட்டும் எப்படிக் கிடைக்கிறது? மாயமெல்லாம் இல்லை. ரகம், விலை, நிறம் என்று பிரித்து அடுக்கியிருக்கிறார். அந்த அடுக்கு அவருக்குத் தெரியும்.

இப்போது அதே ஊரில் ஒரு மூணாம் கிளாஸ் பிள்ளை பள்ளி நூலக அலமாரி முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்வோம். யானையைப் பற்றிப் படிக்க ஆசை. எங்கே தேடுவது என்று தெரியவில்லை, டீச்சரிடம் கேட்கக் கூச்சம். பெல் அடித்ததும் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. வீட்டில் போய்ப் பிரித்தால் பொடி எழுத்து, ஒரு படம்கூட இல்லை. ரெண்டு தடவை இப்படி ஆனால் போதும், "எனக்குப் பிடிச்ச புக் இங்க இல்ல" என்று அந்தப் பிள்ளை முடிவு பண்ணிவிடும். யானைப் புத்தகம் அடுத்த தட்டிலேயே இருந்திருக்கும்!

கிரானைட், ஜவுளி, தொழிற்சாலை என்று அம்மாவும் அப்பாவும் வேலைக்கு ஓடும் பல வீடுகளில் கதைப் புத்தகம் என்று தனியாக இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி அலமாரிதான் எல்லாம். அதனால், தேடக் கற்றுக்கொடுப்பதும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் ஒரு பாதி.

பொம்மையிலிருந்து பிறந்த ஐடியா

இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். 1892-ல் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது, ஒரு கடையில் 'மெக்கானோ' பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 1933-ல் வெளியான 'கோலன் பகுப்பு முறை'. அதற்கு முன்பே, 1931-ல், நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதியிருந்தார். புத்தகம் பூட்டிவைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது அதில் முதல் விதியின் சாரம். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. அந்த வாசகருக்கு ஏழு வயதாக இருந்தாலும் இது பொருந்தும்தானே?

1, 2-ம் வகுப்பு: நிறமும் படமும்

இன்னும் எழுத்துக் கூட்டும் வயது. அகர வரிசை, எண் எல்லாம் வேண்டாம். விலங்கு, கதை, பாட்டு, அறிவியல் என்று நாலைந்து பிரிவு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் ஸ்டிக்கர். தட்டில் அதே கலர், பக்கத்தில் ஒரு படம். தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டிலிருந்து வந்து இப்போதுதான் தமிழ் படிக்கும் பிள்ளைக்கும் யானைப் படம் புரியும்.

முடிந்தவரை அட்டை முன்பக்கம் தெரியும்படி வையுங்கள். முதுகை மட்டும் பார்த்து இந்த வயதில் யாரும் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. தட்டு, பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும்.

3-ம் வகுப்பு: கதையா, தகவலா?

யானை பேசினால் கதை. யானை ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும் என்று சொன்னால் தகவல். பத்துப் புத்தகத்தைத் தரையில் பரப்பி, ரெண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பீரியட் போதும். 'எனக்கு எது வேணும்?' என்று யோசித்துவிட்டுத் தேடும் பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

4, 5-ம் வகுப்பு: பெயரும் எண்ணும்

கதைப் புத்தகங்களை ஆசிரியர் பெயர்படி அடுக்கலாம். தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல்! 'அழ.வள்ளியப்பா' புத்தகத்தைப் பிள்ளைகள் 'அ' வரிசையில் தேடுவார்கள். இனிஷியலை விட்டுவிட்டு, பெயரின் முதல் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வள்ளியப்பா 'வ'-வில் இருப்பார். அடுத்த கேள்வி: வள்ளியப்பா முன்னாடியா, வாண்டுமாமா முன்னாடியா? 'வ' முடிந்துதான் 'வா' வரும். எனவே வள்ளியப்பாதான் முன்னாடி. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் வரிசையின் கடைசியில். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த எழுத்து வரிசை எதற்கு உதவும் என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும்.

தகவல் புத்தகங்களுக்கு எண். பல நூலகங்கள் பின்பற்றும் டூயி முறை 1876-ல் வந்தது. அதில் 500 என்றால் அறிவியல், 598 பறவைகள், 599 பாலூட்டிகள், 398 நாட்டுப்புறக் கதைகள். "இது புத்தகத்தோட வீட்டு அட்ரஸ். 500 தெரு பேரு, 599 கதவு நம்பர்" என்று சொன்னால் டக்கென்று புரியும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் இப்போதைக்கு வேண்டாம்.

விளையாட்டாகப் பழக...

* புதையல் வேட்டை: "சிறகு உள்ள ஒண்ணைப் பத்தி ஒரு தகவல் புத்தகம்", "'வ'-வில் தொடங்கும் ஆசிரியர் எழுதிய கதை" என்று சீட்டு எழுதி, ரெண்டு ரெண்டு பேராக அனுப்புங்கள்.

* இடம் பிடிக்கும் அட்டை: ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு நீள அட்டை. புத்தகத்தை உருவியதும் அந்த இடத்தில் அட்டையைச் செருகணும். திருப்பி வைக்கும்போது இடம் மாறாது. தப்பான இடத்தில் வைத்த புத்தகம், தொலைந்த புத்தகம் மாதிரிதான்.

* அஞ்சு விரல் சோதனை: ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தைக்கு ஒரு விரலை மடக்கணும். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கஷ்டமான புத்தகம். அடுத்ததை எடுக்கலாம்.

தமிழ்நாடு அரசின் 'வாசிப்பு இயக்கம்' புத்தகங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் இன்னும் சுலபம். நுழை, நட, ஓடு, பற என்று அவை ஏற்கெனவே நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை.

அண்ணன், அக்காக்களுக்கு...

உங்கள் போனில் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தைத் திறந்து, மொழி, வாசிப்பு நிலை ரெண்டையும் தம்பி தங்கையே தேர்ந்தெடுக்கட்டும். இலவசம்தான். தமிழோடு தெலுங்கு, கன்னடக் கதைகளும் உண்டு. அலமாரியில் தேடுவதற்கு அதுவும் ஒரு பயிற்சி.

லீவு நாளில் பக்கத்துக் கிளை நூலகத்துக்கும் கூட்டிப்போங்கள். ஆனால், ஒரே ஒரு கண்டிஷன்... நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். "எங்க இருக்கும்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தப்பான தட்டுக்குப் போகட்டும், திரும்பி வரட்டும். பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை. தானே தேடி எடுத்த யானைப் புத்தகத்தை அந்தப் பிள்ளை படிக்காமல் திருப்பித் தராது!