குறியெண்ணும் அகரவரிசையும்

அமுதா, அருள், அன்பரசன் என்ற மூன்று பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், தொடக்கப் பள்ளி மாணவனும் இதே வரிசையைத்தான் தருவான். ம, ர, ன என்பது நெடுங்கணக்கின் முறை. ஆனால் தமிழுக்குரிய விதி ஊட்டப்படாத கணிப்பொறியோ அன்பரசனை முதலில் நிறுத்திவிடும். இதற்குக் காரணம் என்ன?

கணிப்பொறி அறிவது எண்ணை மட்டுமே. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரப்பட்டுள்ளது. யூனிகோட் முறையில் ன-வின் எண் 2985. ம-வின் எண் 2990. ர-வின் எண் 2992. மூன்று பெயர்களிலும் முதலெழுத்து ஒன்றே. எனவே பொறி இரண்டாம் எழுத்தின் எண்களை ஒப்பிட்டு, சிறியதை முன்னே வைக்கிறது. புள்ளிக்கும் 3021 என்ற தனி எண் உண்டு. அது உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரிது. அதனால் அகராதி முறைப்படி முன்னே நிற்கவேண்டிய கண்ணன், கணேசனுக்குப் பின்னே தள்ளப்படுகிறார்.

ன-வுக்கு இந்த எண் வந்த வரலாற்றைக் காண்போம். 1980-களில் இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக 'இஸ்கி' என்ற குறியெண் அட்டவணை வகுக்கப்பட்டது. எம்மொழியாயினும் ஒத்த ஒலிக்கு ஒரே இடம் என்பது அதன் கொள்கை. ஒரு மொழியின் எழுத்தை மற்றொன்றின் எழுத்தாக மாற்ற இது மிக வசதியானது. ஆனால் தேவநாகரி வரிசையில் ன, ற, ழ ஆகியவற்றுக்கு இடமில்லை. ஆகவே அவை ஒலியில் நெருங்கிய ந, ர, ள ஆகியவற்றின் அருகில் செருகப்பட்டன. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட், 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றியது. தொல்காப்பியம் 30 எழுத்துகளின் கடைசியில் வைத்த னகரம் இவ்வாறு நடுவே வந்து சேர்ந்தது.

இது சிறு பிழைதானே எனலாம். நீண்ட தேர்வுப் பட்டியல் ஒன்றில் அன்பரசன் தன் பெயரை அகர வரிசையின் இறுதியில் தேடுவான். அங்கே காணாவிட்டால் பெயரே இல்லையென்று திரும்பிவிடுவான். தேடுபவரும் அடுக்குபவரும் ஒரே முறையைக் கொள்வதே அகரவரிசையின் பயன். 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி தமிழருக்குக் காட்டிய வசதியும் இதுவே.

குறியெண்களை இன்று மாற்ற இயலாது; மாற்றினால் முன்பு சேமித்தவை யாவும் குழம்பிவிடும். ஆகையால் அறிஞர்கள் எண்களை அப்படியே விட்டு, அடுக்கும் விதியைத் தனியே வகுத்தனர். அவ்விதி அமைந்த சொற்செயலியில் மொழி தமிழ் என்று குறித்தால் பெயர்கள் முறையாக நிற்கும். உங்கள் கணிப்பொறிக்கு அது தெரியுமா? மேற்கண்ட மூன்று பெயர்களைக் கொண்டே சோதித்துப் பாருங்கள்.