மின்னல் அழைப்பும் மேக் முகவரியும்

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தபோது, வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் (மின்னல்) என்று தரம் பிரித்தார்கள். லைட்னிங் கேட்டவருக்கு வரிசை வழிவிடும். கட்டணமோ பல மடங்கு. காசுக்கே முதலிடம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

நேரடியாக வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவியதும், டிரங்க் கால் இணைத்துத் தந்த ஆபரேட்டர் போனார். வரிசை போகவில்லை.

இன்றைய சிறு பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஒரே பிராட்பேண்ட். சிசிடிவி காட்சி மேலேறும்போது பில் போடும் கணினி திணறும். ரவுட்டரில் முன்னுரிமை அமைக்கும் கியூஓஎஸ் பக்கத்தில், பில் கணினியின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்ணுக்கு) முன்னுரிமை கொடுத்தால் அதன் தரவு முதலில் கிளம்பும். இப்படிக் கருவியைப் பார்க்காமல், தரவுப் பொட்டலத்திலேயே முன்னுரிமைக் குறியிடும் டிஃப்சர்வ் முறை 1998-ல் வரையறுக்கப்பட்டது.

பலர் விடுவது ஒன்று: லைனின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே ரவுட்டரில் வரம்பு வைக்காவிட்டால், நெரிசல் மோடத்தில் தேங்கும், அங்கே இந்த முன்னுரிமை செல்லாது.