குடல் இயக்க முடக்கம்: அறிகுறிகளும் சிகிச்சையும்

உண்ட உணவு குடலில் தானாக நகர்வதில்லை. குடல் சுவரின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி விரிந்து அதனை முன்னே தள்ளுகின்றன. எவ்வித அடைப்பும் இன்றி இவ்வசைவு குறைந்துபோவதோ நின்றுபோவதோ குடல் இயக்க முடக்கம் எனப்படும். மருத்துவர்கள் இதனைப் பாராலிடிக் இலியஸ் என்பர். இது சாதாரண மலச்சிக்கல் அன்று. மருத்துவமனையில் சிகிச்சை பெற வேண்டிய நிலையாகும்.

காரணங்கள்

• வயிற்று அறுவை சிகிச்சை. இதன்பின் குடல் சில நாள்கள் மந்தமாக இருப்பது இயல்பு. பெருங்குடல் இயல்புக்குத் திரும்ப 2 முதல் 3 நாள்கள் ஆகலாம்.
• கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைதல்.
• குடல்வால் வெடிப்பு போன்றவற்றால் வயிற்றறையில் ஏற்படும் தொற்று.
• மார்பின், டிரமடால் போன்ற வலிநீக்கிகள்.
• முதுகெலும்புக் காயம்.

அறிகுறிகள்

வயிறு உப்புதல், குமட்டல், வாந்தி, பசியின்மை, மலமும் காற்றும் பிரியாமை ஆகியன முக்கிய அறிகுறிகள். காய்ச்சல், தாங்க இயலாத வலி, வயிறு பலகைபோல் இறுகுதல், பச்சை நிற வாந்தி ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

வயிறு உப்பி, காற்றும் பிரியாத நிலையில் விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்காதீர்கள், எனிமாவும் வேண்டாம். உள்ளே அடைப்பு இருப்பின் குடலில் துளை விழக்கூடும். வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசலும் இளநீரும் நன்மை தரும். ஆயினும், வயிறு உப்பி வாந்தி தொடங்கிய பின்னர் வாய்வழியாக எதையும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கடலோர மக்கள் கவனத்திற்கு

இராமேசுவரம் தீவிலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லப் பாம்பன் பாலத்தைக் கடந்து ஏறத்தாழ 55 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். ஆகவே, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம். கடலில் இருக்கும் மீனவருக்கு இவ்வறிகுறிகள் தோன்றினால் படகைக் கரைக்குத் திருப்புங்கள்; இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணில் உதவி கோரலாம். வயிற்றுப்போக்கு கண்ட முதல் நாளிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் பருகத் தொடங்குவது பொட்டாசியம் குறைவதைத் தடுக்க உதவும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

மருத்துவர் ஸ்டெதஸ்கோப் கொண்டு குடலின் ஒலியைக் கேட்பார். முடக்கத்தில் அது குறைந்தோ அடங்கியோ இருக்கும். எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் உண்மையான அடைப்பு உள்ளதா என்பது உறுதிசெய்யப்படும்.

குடலுக்கு ஓய்வளிக்க உணவு நிறுத்தப்படும். நீரும் உப்புகளும் நரம்பு வழியாகச் செலுத்தப்படும். வாந்தியும் உப்புசமும் மிகுந்தால் மூக்கு வழியே குழாய் செலுத்தித் தேங்கிய நீர் வெளியேற்றப்படும். குறைந்த பொட்டாசியம் ஈடுசெய்யப்படும். காரணமான மருந்து மாற்றப்படும். தொற்று இருப்பின் அதற்கும் சிகிச்சை அளிக்கப்படும். மூலக்காரணம் சரியானால் பெரும்பாலோருக்குக் குடல் தானே இயங்கத் தொடங்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடங்கள். காற்றுப் பிரிவது குடல் விழித்துக்கொண்டதன் நல்ல அறிகுறி. கூச்சப்படாமல் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழையுங்கள்.