விடுமுறைத் தொண்டும் நம் வீட்டுப் பெண்களும்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கச் செயலாளர் கேட்டபோது, தலைவர்களின் வரலாற்றை எழுதுவதா, பள்ளிகளின் வரலாற்றை எழுதுவதா என்று சில நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். இவ்விரண்டையும் என்னினும் நன்கு அறிந்தோர் நம்மிடையே உளர். ஆகவே, எவரும் வரலாறு என்று கருதாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். விடுமுறை நாட்களில் இளம்பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்யும் சமூகத் தொண்டே அது.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குக் கல்லூரி மாணவியர் சிலர் பத்து நாள் முகாமாக வந்தனர். சாக்கடையைத் தூர்வாரினர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர், மரக்கன்றுகள் நட்டனர். எங்கள் தெரு அக்காமார்களும் அவர்களோடு சேர்ந்து மண் சுமந்தனர். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தனர். கடைசி நாளன்று நிழற்படம் எடுக்கும் வேளையில், உடன் வந்த ஒருவர் எங்கள் பெண்களைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்" என்றார். அவர் தீய எண்ணத்துடன் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அச்சொல் நம்மவர்க்குப் புதிதன்று. மரக்கன்றுகளை அடுத்த வாரமே ஆடுகள் தின்றுவிட்டன என்பது வேறு செய்தி.

அத்தகைய முகாம்களுக்குப் பெரிதும் வழிவகுத்தது நாட்டு நலப்பணித் திட்டமாகும். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவ மாணவியரைக் கொண்டு இது தொடங்கப்பெற்றது. இரண்டாண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், விடுமுறையில் ஒரு சிறப்பு முகாமும் இதன் விதி. அதற்கும் முன்னரே சாரணியர் இயக்கம் இருந்தது. 1911இல் ஜபல்பூரில் தொடங்கிய அவ்வியக்கத்தில் முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியர்க்கே இடமிருந்தது. சில ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்தியச் சிறுமியர் சேர்க்கப்பட்டனர்.

நம் மயிலாப்பூரிலேயே நிகழ்ந்ததும், இளைஞர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டியதுமான ஒரு நிகழ்ச்சி உண்டு. 1937ஆம் ஆண்டை ஒட்டித் துர்காபாய் அம்மையார் இங்கே சிறுமியரைச் சேர்த்து 'லிட்டில் லேடீஸ் ஆப் பிருந்தாவன்' என்னும் சிறு மன்றம் ஒன்றை அமைத்தார். பன்னிரண்டு, பதினான்கு வயதுடைய பெண்ணால் என்ன இயலும் என்று கேட்போர்க்கு அவருடைய வாழ்வே விடையாகும். 1923இல் காக்கிநாடா காங்கிரசு மாநாட்டுக் கண்காட்சியில் தொண்டராக நின்ற அச்சிறுமி, சீட்டு இல்லாமல் வந்த ஜவாகர்லால் நேருவையே வாயிலில் தடுத்து நிறுத்தியவர். அவர் அமைத்த மன்றத்திலிருந்தே ஆந்திர மகிளா சபை வளர்ந்தது. படிப்பை இழந்த பெண்களைப் பனாரஸ் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்புகளை அச்சபை நடத்தியது. 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரான அம்மையார், நின்றுபோன படிப்பைத் தொடரும் அம்முறையை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றார். சிறுமியர் கூடிய ஒரு மன்றம் இத்துணை வளர்ந்ததற்குக் காரணம், அது பத்து நாளில் கலைந்துவிடவில்லை என்பதே என் கருத்து.

அடையாற்றின் எடுத்துக்காட்டும் இதையே காட்டுகின்றது. 1894இல் கர்னல் ஆல்காட் ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. வந்து போகும் தொண்டாக இல்லாமல், நாள்தோறும் மணி அடித்துக் கதவு திறக்கும் தொண்டாக அது இருந்தது. நம் தாத்தாமார்கள் காலத்தில் எழுத்தறிந்தோர் பலர்க்கு அக்கதவே வழி.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வரலாறு நெடுகிலும் நம் தெருக்கள் தொண்டு செய்யப்படும் இடங்களாகவே இருப்பது ஏன்? அண்ணல் அம்பேத்கர் இதை 1932இலேயே எழுப்பினார். பின்னர் அரிசன சேவா சங்கம் எனப் பெயர் பெற்ற தீண்டாமை எதிர்ப்புக் கழகத்தின் செயலாளர் தக்கர் பாபாவுக்கு, அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் செல்லும் வழியில் கப்பலிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டோரிடையே பணிபுரியும் தொண்டர்களை ஒடுக்கப்பட்டோரிலிருந்தே தேர்ந்தெடுங்கள். அன்பு உடையவரே தொண்டு செய்ய இயலும். அவ்வன்பு அவர்களிடமே மிகுதியாக இருக்கும் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று. கடிதம் கிடைத்தது என்ற மறுமொழிகூட வரவில்லை என்று பின்னாளில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார்.

அவர் கூற்று மெய் என்பதை நான் கண்ணாரக் கண்டேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைச் சிதைத்தது. அன்று மாலைக்குள் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் வீடு வீடாகப் பழைய துணிகளும் அரிசியும் திரட்டிச் சென்று, மீனவக் குடும்பங்களின் குழந்தைகளை மடியில் வைத்திருந்தனர். அவர்களுக்குச் சீருடை இல்லை, பதக்கமும் இல்லை. எந்த அறிக்கையிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை. ஆகவேதான் இங்கே எழுதுகிறேன். 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்தப் பகுதிப் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக வந்து பிள்ளைகளுக்குக் கற்பித்ததையும் நாம் அறிவோம்.

இனி நம் சங்கம் செய்யக்கூடியது யாது? கோடை விடுமுறை எல்லாப் பெண்களுக்கும் விடுமுறையன்று. தாய் தியாகராய நகரிலோ மந்தைவெளியிலோ வீட்டு வேலைக்குச் செல்வாள். மூத்த மகள் தண்ணீர் பிடித்து, உலை வைத்து, தம்பியைப் பார்த்துக்கொள்வாள். சில நாட்களில் தாய்க்குப் பதிலாக அவளே வேலைக்கும் போவாள். ஓய்வு உள்ளவர்க்கு வகுத்த திட்டத்தை இவளிடம் கொடுத்தால், வராமல் போனாள் என்று பழிதான் சேரும். பேரணியும் சுவரொட்டியும் நமக்கு வேண்டா. பத்தாம் வகுப்புடன் நின்றவளை மீண்டும் சேர்ப்பது, சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் நிரப்புவது, இ-சேவை மையத்துக்கு உடன் செல்வது, சிறு பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது ஆகியவை நம் பெண்களுக்கே நன்கு தெரிந்த வேலைகள். சூன் மாதத்தில் தலைமையாசிரியர் மேசைமுன் ஒரு சான்றிதழ் இல்லாமையால் கண்கலங்கி நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் நான் பார்க்கிறேன்.

வரும் மே மாதம் சங்கக் கட்டட மாடியில் இவ்வேலை தொடங்கும். தண்ணீர் லாரி வரும் நேரத்தை விசாரித்த பின்னரே காலை பத்து மணி என்று குறித்தோம். தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே வரலாம் என்று அறிவிப்பில் பெரிய எழுத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.