போபால்: ஒரே இரவு, ரெண்டு வழக்கு

"அது சிவில் கேஸ்ப்பா, போலீஸ் தலையிடாது"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. சிவில்னா சொத்துத் தகராறு, கிரிமினல்னா கொலை, கொள்ளை. நம்மில் பலரும் இப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்கோம். ஆனா ஒரே சம்பவம் ரெண்டு வழக்காகவும் ஆகலாம். அதை இன்னைக்கு போபால் வழியா பார்க்கலாம்.

1984 டிசம்பர் 2, நள்ளிரவு நேரம். போபாலில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊரின் மேல் அது பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

மறுநாளே போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அமெரிக்காவிலிருந்து வந்த தலைமை நிறுவனத்தின் சேர்மன் வாரன் ஆண்டர்சன், டிசம்பர் 7 அன்று கைது செய்யப்பட்டு, அன்றே ஜாமீனில் வெளியே வந்தார். நாட்டை விட்டுப் போனவர், கடைசிவரை நம்ம நீதிமன்றத்துக்குத் திரும்பி வரவே இல்லை. இது கிரிமினல் பாதை.

இன்னொரு பக்கம், 1985இல் மத்திய அரசு ஒரு தனிச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பாகவும் தானே இழப்பீடு கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. நியூயார்க் நீதிமன்றம் 1986இல் "இதை இந்தியாவில் நடத்துங்கள்" என்று சொல்லிவிட, வழக்கு போபால் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. இது சிவில் பாதை.

சரி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிவில் கேட்கிற கேள்வி: யாருக்கு நஷ்டம், அதை யார் ஈடுகட்டணும்? அது ரெண்டு தரப்புக்கு நடுவுல நடக்கிற விஷயம். பேசி சமரசம் பண்ணிக்கலாம். யார் சொல்றது உண்மையா இருக்க அதிக வாய்ப்புன்னு பார்த்தாலே போதும். கிரிமினல் கேட்கிற கேள்வி வேற: யார் குற்றம் செஞ்சாங்க, என்ன தண்டனை? கொடுமையான குற்றம் ஒரு ஆளுக்கு மட்டும் இல்ல, சமூகத்துக்கே எதிரானதுங்கிறதால அரசே வழக்கு நடத்துது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். இந்த மாதிரி குற்றத்தை, பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்து முடிச்சுக்க முடியாது.

முடியாதுன்னு சொன்னேன் இல்லையா? 1989 பிப்ரவரியில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. உச்ச நீதிமன்றம் 47 கோடி டாலருக்கு ஒரு சமரசத்தை அறிவித்தது. அதோடு சேர்த்து கிரிமினல் வழக்குகளையும் ரத்து செய்தது. ஒரே உத்தரவில் ரெண்டு பாதையும் மூடப்பட்டது.

போபால் மக்கள் விடவில்லை. தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினார்கள். 1991 அக்டோபர் 3 அன்று, மறு ஆய்வில், அதே உச்ச நீதிமன்றம் முடிச்சை அவிழ்த்தது. 47 கோடி டாலர் சமரசம் நிற்கும். ஆனால் கிரிமினல் வழக்குகளை ரத்து செய்தது செல்லாது. பணம் ஒரு கணக்கு, தண்டனை வேறொரு கணக்கு என்று ஆனது.

ஆனா கதை அங்க நல்லபடியா முடியல. அதிகாரிகள் மேல் இருந்த குற்றச்சாட்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவு, இரண்டாம் பகுதி. அதாவது, சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்தது. அதிகபட்சம் 10 வருஷம். 1996இல் உச்ச நீதிமன்றம் அதை 304ஏ, அதாவது அலட்சியத்தால் மரணம் என்று குறைத்தது. அதிகபட்சம் 2 வருஷம். கிரிமினல் வழக்கில் என்ன நடந்ததுங்கிறது மட்டும் போதாது. அந்த ஆளுக்கு என்ன தெரிஞ்சிருந்ததுங்கிறதும் முக்கியம். அந்த ஒரு கேள்வியிலதான் 8 வருஷம் காணாமப் போச்சு.

2010 ஜூன் 7 அன்று, 25 வருஷம் கழித்து, ஏழு இந்திய அதிகாரிகளுக்கு 2 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அன்றே ஜாமீன். ஆண்டர்சன் விசாரணையைச் சந்திக்காமலே 2014இல் இறந்தார். சிவில் பக்கம், காயமடைந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் கிடைத்த தொகை 25,000 ரூபாய். இழப்பீட்டை உயர்த்தக் கேட்ட மத்திய அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சிய மரணத்துக்குப் பொதுவாக அதிகபட்சத் தண்டனை 5 வருஷம். போபாலுக்கு அது பொருந்தாது. பழைய குற்றத்துக்குப் புதுத் தண்டனையைக் கூட்ட முடியாது.

அடுத்த முறை ஏதாவது ஒரு விபத்துச் செய்தியில் "அதான் நஷ்ட ஈடு கொடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன கேஸ்?"னு யாராவது கேட்டா, போபாலைச் சொல்லுங்க. நஷ்ட ஈடு, இழந்தவங்களுக்குச் சேர வேண்டிய கடன். தண்டனை, நம்ம எல்லாருக்கும் சேர வேண்டிய பதில். ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணை அடைக்க முடியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.