இரண்டு ஒன்றாகி, ஒன்று இரண்டான கதை

கல்கரி நகரில் என் தங்கையின் மகனுடைய வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்த பலகையொன்று நெடுக்காக இரண்டாகப் பிளந்திருப்பதைக் கண்டேன். உடைந்துவிட்டதோ என்று கேட்டேன். "இல்லை மாமா, பிளப்பதற்கென்றே செய்தது" என்று சிரித்தான்.

அதன் பெயர் ஸ்பிளிட்போர்ட். மேலே ஏற்றிவிடும் கம்பிவடங்கள் இல்லாத மலைகளில், இரு பாதிகளையும் பனிச்சறுக்குக் கட்டைகளாகக் காலில் பூட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அடியில் ஒட்டப்படும் ரோமப்பட்டை பின்னோக்கி வழுக்கவிடாமல் தடுக்கிறது. உச்சியை அடைந்ததும் இரு பாதிகளையும் இணைத்து, ஒரே பலகையில் நின்று தூள்பனியில் இறங்குகிறார்கள். புதிய பலகையை எந்த நீளத்தில், எந்த அகலத்தில் வாங்குவது என்பதே மருமகனின் கேள்வி. விடை தேடிப் போன எனக்கு ஒரு வரலாறு அகப்பட்டது.

1965 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் மகள்மாரின் விளையாட்டுக்காக இரு சறுக்குக் கட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்தார். 'ஸ்னேர்ஃபர்' எனப் பெயர்பெற்ற அதுவே இன்றைய ஸ்னோபோர்ட்டின் முன்னோடி. 1970களில் யூட்டா மாநிலத்தில் டிமிட்ரி மிலோவிச் தூள்பனிக்கென்றே தகைவிலான் குருவியின் வாலைப்போல் பின்புறம் பிளந்த பலகைகளைச் செய்தார். வால் அமிழ, மூக்கு மேலெழும். 1977 இல் வேர்மொண்டில் ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்டர் தமது நிறுவனத்தை ஆரம்பித்தார்.

ஆயினும் சறுக்குத் தலங்கள் பல இப்புதியவர்களை வரவேற்கவில்லை. யூட்டாவின் ஆல்டா தலத்தில் இன்றும் ஸ்னோபோர்ட்டுக்கு அனுமதி இல்லை. தலங்களுக்கு வெளியே மலையேறியோர் பலகையை முதுகில் சுமந்து, ஆழப் புதையும் பனியில் நடந்தனர். 1990களின் தொடக்கத்தில் பிரெட் கோபர்னிக் என்ற இளைஞர், பலகையைப் பிளக்கும் யோசனையுடன் யூட்டாவின் வொயிலே நிறுவனத்தை அணுகினார். சாதாரணப் பலகையை வாளால் அரிந்து மாற்றிக்கொள்வதற்கான உபகரணத் தொகுதியை அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. இரண்டு ஒன்றானதால் பிறந்த பலகை, மலையேறுவதற்காக மீண்டும் இரண்டானது.

அளவு பற்றிய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பலகையை நிறுத்திப் பார்த்து, நாடிக்கும் மூக்குக்கும் இடையே வந்தால் சரி என்பது பழைய கணக்கு. பனிக்கு உயரம் தெரியாது, பாரம்தான் தெரியும். 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ முதுகுப்பையுடன் போனால், பலகை தாங்குவது 80 கிலோ. அப்பாரம் பரவும் பரப்பே மிதப்பைத் தருகிறது. வளைவுகளை விட்டுவிட்டுப் பருமட்டாகக் கணக்கிட்டால், 160 சென்ரிமீற்றர் நீளமும் 25 அகலமும் 4000 சதுர சென்ரிமீற்றர். 150 நீளமும் 27 அகலமும் 4050. பத்து சென்ரிமீற்றர் குறைந்தும் மிதப்புக் குறையவில்லை. மரங்களிடையே திரும்புவதற்குக் குட்டை வசதி. திறந்த சரிவில் வேகத்தைத் தாங்குவதற்கு நீளம் வசதி. பெரிய பாதணி உடையவருக்கு ஒடுங்கிய பலகை ஆகாது. விரல்நுனி பனியில் உரசும்.

இவை யாவும் இறக்கத்துக்கான கணக்குகள். ஏறும்போதோ 27 சென்ரிமீற்றர் பலகை, காலுக்கு 13.5 சென்ரிமீற்றர் அகலக் கட்டையாகிறது. இறுகிய பனிச்சரிவைக் குறுக்காகக் கடக்கையில் உடற்பாரத்தை ஓரவிளிம்பில் நிறுத்த வேண்டும். அகலம் கூடக்கூட விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து விலகுகிறது. கட்டை புரள முனைகிறது. நீளம் கூடினால், செங்குத்தான இடத்தில் காலைத் தூக்கித் திசை திருப்புவது கடினமாகிறது.

சென்ற மாரியில் நண்பனிடம் இரவல் வாங்கிய அகலப் பலகையுடன் போன மருமகன், அத்தகைய சரிவொன்றில் விளிம்பு பிடிக்காமல் பல மீற்றர் தூரம் சறுக்கி விழுந்திருக்கிறான். இதைத் தாயிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான். ஏறுவதற்கு நான்கு மணித்தியாலம், இறங்குவதற்குச் சில நிமிடங்கள் என்பதும் அவன் சொன்னதே. அப்படியாயின் எந்த வேளைக்காகப் பலகையைத் தெரிவுசெய்கிறாய் என்று கேட்டேன்.

ஈற்றில் 158 சென்ரிமீற்றர் நீளத்தில், பாதணி வெளியே நீட்டாத அளவுக்கு மட்டும் அகலமான ஒன்றை வாங்கினான். மிதப்பில் சிறிது குறையும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குறையை அவன் அறிந்தே ஏற்றுக்கொண்டான் என்பதில் எனக்கு நிம்மதி.